மஞ்சள் கட்டத்துக்குள் பன்னிரண்டு விநாடி

மண்ணரை, திருப்பூர்
22.1.2025, புதன்

அன்புத் தம்பி அஹ்ஸனுக்கு அக்கா பத்ருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு நம் பனியன் யூனிட்டின் பின்புறத்தில் இருந்தவர்கள் இவர்கள். நீ. உன் கம்பெனியிலிருந்து கூட வந்த நித்தீஷ். நீங்கள் காரில் அழைத்து வந்த பெரிய மனிதர்கள் இருவர். பெயர் எங்களுக்குச் சொல்லப்படவில்லை, ஒருவர் சர்க்கரை இல்லாத டீ கேட்டவர், மற்றவர் இந்தி மட்டும் பேசியவர். யூனிட்டை நடத்தும் உன் மச்சான் அமானுல்லா. கட்டடத்தை நமக்கு வாடகைக்கு விட்டிருக்கும் ஆத்தப்பன். கட்டிங் மாஸ்டர் குமரன். பேக்கிங்கில் இருக்கும் பீகார்க்காரர்கள் இருவர். அயர்ன் மாஸ்டர் தங்கதுரை. டீ ஃபிளாஸ்க்கோடு கதவோரம் நின்ற நான். ஆக மொத்தம் பதினொரு பேர்.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்பாய். தங்கதுரை நேற்றிலிருந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மார்பிலிருந்து தொப்புள் வரை கொப்புளம். நீ ஞாயிறு மாலையே வண்டி ஏறிவிட்டாய், அதைப் பார்க்கவில்லை. மச்சான் போனில் சொன்னபோது, “இதையெல்லாம் போனில் பேசக் கூடாது, கம்பெனி கேட்கும்” என்றாயாம். சரி, பேசவில்லை. எழுதுகிறேன். பில் புக்குக்கு வைக்கும் கார்பனை அடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். நகல் என்னிடம் இருக்கும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. உன் மெஷினிலிருந்து வரும் கதிர் துணிக்குள் நுழைந்து தோலைச் சுடும், சூடு பொறுக்காமல் ஆள் விலகி ஓடுவான், ஓடிவிட்டால் ஒன்றும் ஆகாது, கூட்டத்தைக் கலைக்க இனித் துப்பாக்கி வேண்டாம் என்றாய். ஒவ்வொரு வகைத் துணியிலும் அது எப்படி இறங்குகிறது என்று பார்க்கத்தான் திருப்பூர் வந்ததாகச் சொன்னாய். நான்தான் இடம் கொடுக்கச் சொல்லி மச்சானிடம் மன்றாடினேன். நம் ஆதிப் அண்ணனைக் கொண்டுபோன போலீஸ் குண்டுக்கு என் தம்பி மாற்று கண்டுபிடித்திருக்கிறான் என்று இரண்டு நோன்பு நேர்ந்து வைத்தேன்.

முதலில், தரையில் ஒட்டிய கட்டத்துக்குள் நித்தீஷ் நின்றார். உன் மெஷினின் தட்டு, டிஷ் ஆன்டெனா என்று நினைத்து ஆத்தப்பன் அண்ணன் “ஏனுங்க, இதுல கிரிக்கெட் மேட்ச் தெரியுமுங்களா?” என்று கேட்டாரே, அது ‘ம்ம்’ என்று முனகியது. பயம் வந்தால் என் கட்டை விரல் தானாக மற்ற விரல்களின் கணுக்களை எண்ணத் தொடங்கிவிடும். கணுவுக்கு ஒரு சுப்ஹானல்லாஹ், ஒரு விநாடி. இரண்டில் நித்தீஷ் துள்ளி வெளியே வந்தார். குமரன் ஒன்றிலேயே “அய்யோ சாமி!” என்று பைப்படி வரைக்கும் ஓடினார். பீகார்க்காரர்கள் இரண்டில். எல்லாரும் சிரித்தோம்.

பிறகு தங்கதுரை. அவர் நின்றார். நகரவில்லை. முகம் கறுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, நின்றார். “நம்ம அயர்ன் மாஸ்டருங்க! சூடெல்லாம் அவருக்குச் சோறு மாதிரிங்க!” என்றார் ஆத்தப்பன் அண்ணன். மறுபடி சிரிப்பு. அல்லாஹ் மன்னிக்கட்டும், நானும் சிரித்தேன். முனகல், ஒரு ‘டிக்’, முனகல், ஒரு ‘டிக்’. என் விரல் நான்கும் முடிந்துவிட்டன. விரலுக்கு மூன்று கணு. பன்னிரண்டு.

மூன்று விநாடிக்கு மேல் யாராலும் நிற்க முடியாது என்றாயே தம்பி. பன்னிரண்டு எப்படி ஆனது? இங்கே உன் மச்சானும் நானும் சுகம். உன் வீட்டில் சாயிமா, குழந்தை மஹ்னூர் சுகத்துக்கு எழுது.

உன் அக்கா,
பத்ருன்னிசா


பெங்களூர்
3.2.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

இங்கே நானும் சாயிமாவும் நலம். மஹ்னூருக்குச் சளி, இப்போது பரவாயில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சானுக்கு என் ஸலாம்.

தங்கதுரை அண்ணனைப் பற்றிக் கேட்டு மிகவும் வருந்தினேன். அவருக்குத் துஆ செய்கிறேன். நீங்கள் பதற்றத்தில் எண்ணியிருக்கிறீர்கள், அந்த நேரத்தில் விநாடி நீளமாகத் தெரிவது இயற்கை. மெஷினில் பதிவு இருக்கிறது. அது மூன்று என்றுதான் சொல்கிறது.

இத்துடன் அன்றைய அறிக்கை ஒன்று வைத்திருக்கிறேன். இடம் தந்தவர் என்ற முறையில் மச்சான் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் இஸ்திரி ஆவி பட்ட புண் என்று பதிவாகியிருப்பதாக மச்சான் சொன்னார். அதை இப்போது மாற்றிக் குழப்ப வேண்டாம். அவருக்கும் அதுதான் நல்லது, வேலையில் பட்ட காயம் என்றால் வைத்தியம் எல்லாம் கிடைத்துவிடும்.

உங்கள் தம்பி,
அஹ்ஸன்


மண்ணரை
8.2.2025

தம்பிக்கு ஸலாம். முழங்கால் அப்படியே இருக்கிறது. மஹ்னூருக்கு ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி முகரக் கொடுக்கச் சொல்.

உன் அறிக்கை வந்தது. ஆங்கிலத்தை ஒவ்வொரு வார்த்தையாக அகராதியில் தேடித் தேடி ஒன்றரை நாளில் படித்து முடித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இது போதும். “பத்துப் பேர் முன்னிலையில்” என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்குப் பதினொரு பேரை ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினேன். விட்டுப்போனது யார் என்று பார்த்தேன். டீ கொண்டுவந்தவள். என்னை எண்ணவில்லை, அதனால் நான் எண்ணியதையும் எண்ண வேண்டியதில்லை, அப்படித்தானே?

“பங்கேற்ற ஐவரும் மூன்று விநாடிக்குள் பாதிப்பின்றி விலகினர்.” பாதிப்பின்றி! தங்கதுரையின் தொடையிலிருந்து தோலை எடுத்து வயிற்றில் ஒட்டியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதி வேறு. ஒட்டியது பிடிக்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

பதற்றத்தில் எண்ணினேன் என்றாய். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். லுஹர் தொழுகைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, படி ஏறி இறங்கி மூச்சு வாங்கும்போது ஒரு தடவை. பன்னிரண்டு கணுவுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று. முப்பது வருடமாக ஐந்து வேளையும் ஓடும் விரல் இது. உன் மெஷினுக்கு வயது என்ன?

உன் மச்சான் பேனாவை எடுத்துவிட்டார். நான் தாளை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். “உனக்கு எதுக்கு இந்த வம்பு? தம்பி பொழப்பு கெட்டுப்போகும்” என்கிறார். “தங்கதுரை வயிறு கெட்டுப்போச்சே, அது யார் பொழப்பு?” என்றேன். நேற்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அறிக்கை கையெழுத்தாகி வராது. பன்னிரண்டு என்று எழுதி அனுப்பு, நானே போட வைக்கிறேன்.

அக்கா


பெங்களூர்
1.3.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு ஸலாம். நாளை நோன்பு தொடங்குகிறது. எல்லாருக்கும் ரமலான் வாழ்த்துகள். மஹ்னூர் இந்த வருடம் அரை நோன்பு வைப்பேன் என்கிறாள்.

தாமதத்துக்கு மன்னியுங்கள், வேலை அதிகம். அக்கா, ஒன்று மட்டும் நினைத்துப் பாருங்கள். சரக்கு இறக்கப் போன ஊரில், ஏதோ கூட்டம், ஏதோ கல்லெறி, லாரிக்குப் பக்கத்தில் நின்ற ஆதிப் அண்ணன் மேல் குண்டு பட்டது. அந்த ஊரில் அன்று துப்பாக்கிக்குப் பதில் என் மெஷின் நின்றிருந்தால் அண்ணன் சூடு பட்டு ஓடியிருப்பார். இரண்டு நாள் தோல் சிவந்திருக்கும். இன்று உங்களோடு உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். நான் படித்தது, இந்தக் கம்பெனியில் சேர்ந்தது, எல்லாம் இந்த ஒரு நினைப்பில்தான். நீங்களே அதற்குத் துஆ செய்தவர்.

தங்கதுரை அண்ணன் நின்றது அவர் விருப்பம். யாரும் பிடித்து நிறுத்தவில்லை, கட்டவில்லை. ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தால் முடிந்திருக்கும். இந்தக் கதிரின் தத்துவமே அதுதான்: வலித்தால் மனிதன் விலகுவான். அவர் வீம்புக்கு நின்றால் அதற்கு மெஷின் என்ன செய்யும்? அறிக்கையை நோன்பு முடிவதற்குள் அனுப்பிவைக்கவும்.

அஹ்ஸன்


மண்ணரை
9.3.2025

தம்பிக்கு ஸலாம். எட்டு நோன்பு நல்லபடியாக முடிந்தது. மஹ்னூரின் அரை நோன்பை அல்லாஹ் முழு நோன்பாக ஏற்றுக்கொள்ளட்டும்.

ஆதிப் அண்ணன் பெயரை எடுத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்தாய். எடுத்தாய், இல்லையா. அதற்கு வருகிறேன், முதலில் வீம்பைப் பார்ப்போம்.

தங்கதுரையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை பார்க்கப் போனேன். பனியன் போட முடியாமல், இடுப்பில் துண்டோடு மல்லாந்து கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி செல்லத்தாய் எனக்கு நாற்காலி போடவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. நின்றுகொண்டே கேட்டேன், “ஏன் அண்ணே நகரல? சுட்டா ஓடலாம்னு தம்பி முதல்லயே சொன்னானே.”

“மஞ்சக் கோட்டுக்குள்ள நிக்கச் சொன்னாவல்லா அக்கா,” என்றார். “வெளிய வான்னு ஒருத்தரும் சொல்லலியே.”

“குமரன் ஓடினாரே?”

“அவரு கட்டிங். கட்டிங்குக்குக் கோடு கிடையாது. நமக்குல்லா கோடு. நான் மொதலாளியப் பாத்தேன். அவாள் ஃபோன்ல படம் எடுத்துட்டிருந்தாவ. சரி, நிமிந்து பாப்பாவ, தலைய ஆட்டுவாவன்னு நின்னேன்.”

செல்லத்தாய் அடுப்படியிலிருந்து கத்தினாள்: “சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க! பொம்மைக்குப் போட்டுப் பாக்க வேண்டியத எம் புருசனுக்குப் போட்டுப் பாத்திருக்காவ. பொம்மை உருகிப் போயிருக்கும்லா, வெல கொடுக்கணும்!”

உனக்கு இது புரியாது, அஹ்ஸன். கேள். இரண்டு வருடத்துக்கு முன், துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வந்தபோது, அயர்ன் டேபிளைச் சுற்றிப் பாதுகாப்புக்கு ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டைத் தண்ணீர் குடிக்கத் தாண்டி வந்துவிட்டார் தங்கதுரை. ஆடிட்டர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த ஆர்டர் நமக்கு வரவில்லை. உன் மச்சான் எல்லார் முன்னிலையிலும் அவரைத் திட்டினார்: “மஞ்சக் கோட்டுக்குள்ள நின்னா உசுரே போனாலும் நான் சொல்லாம வெளிய கால் வைக்கக் கூடாது.” அன்றிலிருந்து அவர் வைத்ததில்லை. அயர்ன் டேபிளில் ஆவி முகத்தில் அடிக்கும்போதும் பாதம் அந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதிர் விழும் இடத்தைக் காட்ட, தரையில் ஒட்ட ஏதாவது டேப் இருக்கிறதா என்று என்னிடம்தான் கேட்டாய். ஆடிட் டேப் ரோலை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான். அதே மஞ்சள். அதே அகலம். நீ சதுரமாக ஒட்டினாய். அவர் போய் நடுவில் நின்றார்.

வலித்தால் மனிதன் விலகுவான் என்பது உன் தத்துவம். உன் ஆபீசில் ஏசிக்குள் நிற்கிற எஞ்சினியர்களை வைத்துக் கண்டுபிடித்த தத்துவம். வலித்தாலும் நில் என்று பழக்கப்பட்டவர்கள் எத்தனை கோடிப் பேர் இந்த நாட்டில்? கூட்டத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவள் எங்கே விலகுவாள்? பின்னால் சுவர் இருந்தால்? கால் ஊனமானவன்? நின்றால் வீம்பு என்று அவர்களுக்கும் எழுதுவாயா?

இதற்குப் பதில் எழுது. பெருநாளுக்கு வருவதாக இருந்தால் அதையும் எழுது.

அக்கா


மண்ணரை
2.4.2025

தம்பிக்கு ஸலாம். பெருநாள் முடிந்தது. நீ வரவில்லை. சாயிமா மட்டும் போனில் வாழ்த்துச் சொன்னாள். “அவர் தொழுகைக்குப் போயிருக்கிறார்” என்றாள். மதியம் இரண்டே முக்காலுக்கு என்ன தொழுகையோ.

பெருநாள் பிரியாணியை வழக்கம்போல் செல்லத்தாய்க்குக் கொடுத்தனுப்பினேன். ஒவ்வொரு வருடமும் தூக்குவாளியைக் கழுவி, அதற்குள் சீனியோ, நாலு முறுக்கோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ போட்டுத்தான் திருப்பித் தருவாள். இந்த வருடம் வெறும் வாளி வந்தது. துடைத்து, பளபளவென்று, வெறும் வாளி.

தங்கதுரை நேற்று வேலைக்கு வந்தார். வயிற்றைச் சுற்றி ஈரத் துண்டு. அயர்ன் பாக்ஸைக் கையில் எடுத்தார், ஆவி ‘புஸ்’ என்று வந்ததும் கீழே வைத்துவிட்டார். மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே உன் மச்சானிடம் கேட்டார், “மொதலாளி, நான் வெளிய போலாமா?” உன் மச்சான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. இப்போது எங்களுக்குள் பேச்சு உண்டு.

இருபத்து நாலு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் போதாமல்தான் இவ்வளவு மெதுவாக எழுதுகிறேன்.

அக்கா


பெங்களூர்
15.4.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு ஸலாம். எல்லாரும் நலமா? வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன், இளநீர் குடியுங்கள்.

டேப் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் சுண்ணாம்பால் போட்டிருப்பேன்.

ஜூன் 12-ஆம் தேதி சர்க்கார் அதிகாரிகள் முன்னிலையில் பெரிய ட்ரையல் இருக்கிறது. அன்று வந்த இருவரும் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு சந்தேகம் எழுந்தாலும் திட்டம் நின்றுவிடும், மறுபடி துப்பாக்கிதான். உங்கள் மனச் சமாதானத்துக்காகச் சொல்கிறேன்: எந்த ஒரு முறையும் மூன்று விநாடிக்கு மேல் போகாதபடி மெஷினிலேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். தானாக நின்றுவிடும். அதை யாராலும் மீற முடியாது. நான் பொய் சொல்லவில்லை அக்கா. மச்சான் கையெழுத்துக்குக் காத்திருக்கிறேன்.

அஹ்ஸன்


மண்ணரை
21.4.2025

தம்பிக்கு ஸலாம். இளநீர் குடிக்கிறோம்.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். “எந்த ஒரு முறையும்” என்று எழுதியிருக்கிறாய். கணக்கு நோட்டில் இப்படி ஒரு வார்த்தை வந்தால் நான் பேனாவை நிறுத்திவிடுவேன். ஒரு முறைக்கு மூன்று. சரி, நம்புகிறேன், நீ பொய் சொல்லவில்லை. எத்தனை முறை?

என் முதல் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். ‘டிக்’ சத்தத்தை நானே எழுதியிருக்கிறேன், அர்த்தம் தெரியாமல். மூன்று கணு முடியும், ஒரு விரல் முடியும், ‘டிக்’. மெஷின் தானாக நின்றது. அடுத்த விரல் தொடங்கும்போது மறுபடி முனகல். தானாக நின்றது தானாகத் தொடங்குமா? நான்கு விரல், நான்கு ‘டிக்’. மெஷினை இயக்கும் லேப்டாப் பக்கத்தில் நின்ற நித்தீஷின் இரண்டு கையும் கேமராவைப் பிடித்திருந்தன. மறுபடி அழுத்திய கை யாருடையது, தம்பி?

எனக்கு அப்போதே தெரியும். கதவோரத்திலிருந்து உன் முதுகு தெரிந்தது, வலது தோள் இறங்குவதும் ஏறுவதும் தெரிந்தது. இந்திக்காரர் உன்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார், “இவன் அசையவே இல்லையே” என்பதுபோல. உன் தோள் மறுபடி இறங்கியது. மூன்று மாதமாக இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன்.

இப்போது ஆதிப் அண்ணனுக்கு வருகிறேன். அந்த விசாரணைக் காகிதம் என் பீரோவில் இருக்கிறது. முதலில் மூன்று ரவுண்டு சுட்டோம் என்றார்கள். பிறகு யாரோ தெருவில் பொறுக்கிய காலித் தோட்டாக்களைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார்கள். ஏழு. அதற்குப் பிறகு ஏழு என்று ஒப்புக்கொண்டார்கள். நம் அண்ணனுக்குக் கிடைத்த நியாயம் அவ்வளவுதான், அந்த ஏழு பித்தளைக் கூடு. உன் மெஷின் என்ன கூடு உதிர்க்கும்? சத்தமில்லை, புகையில்லை, தெருவில் பொறுக்க ஒன்றுமில்லை. எத்தனை முறை என்பது அழுத்தியவனுக்குத்தான் தெரியும். அவன் மூன்று விநாடி என்பான், பொய்யும் இல்லை. துப்பாக்கிக்கு மாற்று என்று நீ செய்திருப்பது இதைத்தான். எண்ண முடியாத துப்பாக்கி.

உன்னை இவ்வளவு கேட்டபிறகு நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். யூனிட்டின் விபத்துப் பதிவேட்டை எழுதுவது யார்? நான்தான், பதினோரு வருடமாக. “தங்கதுரை, அயர்ன் டேபிளில் ஆவிக் குழாய் கசிந்து வயிற்றில் பட்டது” என்ற வரி என் கையெழுத்து. உன் மச்சான் சொன்னார், நான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாதே என்று நானே யோசித்து, 19-ஐ 20 என்று மாற்றினேன். யாரும் கேட்கவில்லை, என் புத்தியிலேயே உதித்தது. ஆஸ்பத்திரியில் அதைக் காட்டித்தான் சேர்த்தோம். உனக்கு முதல் கடிதம் எழுதிய அன்று அந்த மை காய்ந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போதெல்லாம் அந்தத் தேதி தெரிகிறது.

எத்தனை முறை? எழுது.

பத்ருன்னிசா


பெங்களூர்
19.5.2025

அக்காவுக்கு ஸலாம்.

இங்கே எல்லாரும் சுகம். மஹ்னூர் அரபு எழுத்துகளைக் கோர்த்து வாசிக்கிறாள். சாயிமா உங்களைக் கேட்டாள்.

மெஷின் பெட்டிக்குள் உங்கள் டேப் ரோலின் மீதி கிடந்தது. அனுப்பியிருக்கிறேன். உங்களுடையது.

அந்த இருவரும் சிரித்தார்கள் அக்கா. மெஷின் வேலை செய்யவில்லை என்று நினைத்தார்கள். ஆறு வருட வேலை.

தங்கதுரை அண்ணன் இப்போது என்ன செய்கிறார்?

அஹ்ஸன்


மண்ணரை
25.5.2025, ஞாயிறு

அஹ்ஸனுக்கு அக்கா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். மஹ்னூருக்கு என் முத்தம்.

தங்கதுரை என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறாய். நான்கு மாதத்தில் அவரைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன். செக்கிங்கில் உட்கார்ந்து பனியனில் ஓட்டை பார்க்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்றுவிடுகிறார். அவர் காலடியில் இருந்த மஞ்சள் கோட்டை உன் மச்சான் முட்டிபோட்டு உட்கார்ந்து, கத்தியால் சுரண்டி எடுத்தார். “ஏனுங்க பாய், ஆடிட்டுக்கு என்ன பண்ணுவீங்க?” என்று ஆத்தப்பன் அண்ணன் கேட்டார். “வந்தா வரட்டும்” என்றார். நீ அனுப்பிய ரோல் பிரிக்காமல் இருக்கிறது.

அறிக்கையை அரிசி டின்னிலிருந்து எடுத்து, கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

நேற்று அஸர் தொழுதுவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். பொய் வரியை அழிக்கவில்லை. கணக்கில் அழிக்கக் கூடாது, ஒரே கோடு போட வேண்டும், அடியில் இருப்பது தெரிய வேண்டும். கோடு போட்டு, “இது என்னால் எழுதப்பட்ட பொய்” என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் மச்சானும் போட்டார். அதன் கீழே இதை எழுதினேன்:

“19.1.2025 ஞாயிறு, காலை 11.15. தங்கதுரை. சூட்டுக் கதிர் மெஷினின் சோதனையில் மார்பிலும் வயிற்றிலும் காயம். மெஷினை இயக்கியவர், எங்கள் தம்பி அஹ்ஸன். அங்கிருந்தவர் மொத்தம் பதினொரு பேர். ஒரு முறைக்கு மூன்று விநாடி. அழுத்திய முறை —”

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என் கணக்கு நான்கு. ஆனால் நான் கதவோரம் டீயோடு நின்றவள், உன் தாளில் இல்லாதவள். விரல் வைத்தவன் நீ. அந்த எண் உன் கையால் வர வேண்டும். இந்தப் பக்கத்தின் கார்பன் நகலையும் உள்ளே வைத்திருக்கிறேன். காலி இடத்தில் எண்ணை எழுதி, கீழே உன் பெயரை எழுதித் திருப்பி அனுப்பு.

உன் வேலை போகலாம். உன் மேல் கேஸ் வரலாம், எங்கள் மேலும் வரும். பொய்ப் பதிவு எழுதியவள் நான். எனக்கு அது தெரிந்துதான் கோடு போட்டேன். தங்கதுரையிடமும் செல்லத்தாயிடமும் படித்துக் காட்டினேன். செல்லத்தாய் எனக்கு நாற்காலி போட்டாள்.

ஜூன் 12-க்கு முன் இந்தப் பக்கம் அந்த அதிகாரிகள் கைக்குப் போகும். உன் எண்ணோடு போனால், தவறைத் தானே சொன்ன எஞ்சினியர் என்று உன்னை ஒருவராவது மதிப்பார். வராவிட்டால் நான் எண்ணியதை நானே எழுதி, பதினொன்றாவது ஆள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். ஆதிப் அண்ணனின் ஏழு கூட்டை யாரோ தெரியாதவர் தெருவில் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கதுரையின் நான்கை என் தம்பி கொடுக்க வேண்டும்.

நலம் விசாரித்தெல்லாம் எழுத வேண்டாம். ஒரு எண் போதும். பக்ரீதுக்கு முன், ஜூன் ஐந்துக்குள் எனக்குக் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் போடு.

அக்கா,
பத்ருன்னிசா